பனியில் நடக்கும் சின்னச் சிப்பாய்கள்

டண்டினொங்கில் குளிர்காலம் வந்தால் பின்நேரம் ஐந்தரைக்கே இருண்டு விடுகிறது. பிள்ளைகளும் வீட்டுக்குள்தான். எங்கள் மகன் பள்ளிச் சிநேகிதனிடம் பழகி வந்தது, 28 மில்லிமீற்றர் உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி மேசையில் போர் விளையாடுவது.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்த வீட்டுக்குள்ள திரும்பவும் ஆமிக்காரனோ?" என்று அப்பம்மா கேட்டார். எங்களுக்கும் அது உறுத்தத்தான் செய்தது.

ஆனால் இவர்கள் வென்றவர்கள் அல்லர். 1812இல் நெப்போலியனின் படையாக ருஷ்யாவுக்குள் ஆறு இலட்சம் பேரளவில் போனார்கள்; பனியில் நடந்து மீண்டவர்கள் சொற்பம். சீருடை கிழிந்து, கிடைத்த கம்பளி, பெண்களின் சால்வை, காலில் கந்தல். ஆகவே மேலங்கி ஒவ்வொன்றுக்கும் வேறு சாம்பல், வேறு மண்ணிறம் பூச வேண்டும். (முதல் குளிருக்கு வின்னீஸ் கடையில் நாங்கள் வாங்கிய கோட்டுகளும் அப்படித்தானே!) காய்ந்தபின், ஈரம் துடைத்த தூரிகையால் மடிப்புகளின் மேல் வெளிர்நிறத்தை மெல்லத் தடவினால் துணி பழசாகத் தெரியும். பனிக்கென்று அப்பச்சோடாவைப் பசையில் குழைக்காதீர்கள். நாளடைவில் மஞ்சளித்து விடும்.

நெப்போலியன் நமக்குத் தூரத்து ஆளுமல்ல. 1815இல் சென் ஹெலேனாத் தீவில் அவர் இரண்டு மாதமளவில் தங்கியது பால்கம் குடும்பத்தின் 'பிரையர்ஸ்' வளவில். அந்த வீட்டு மகன் அலெக்சாண்டர் பின்னர் இங்கே மவுண்ட் மார்த்தாவில் குடியேறி, தன் பண்ணைக்கும் அதே பெயரை வைத்தார். ஊர்ப் பெயரை வீட்டுக்கு வைக்கும் நம்மவருக்கு இது விளங்கும்.

போன கிழமை அப்பம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சிப்பாயைக் கையில் எடுத்தார்.

"கால்ல சுத்தின துணி இவ்வளவு வெள்ளையா இராது, ராசா. நடந்த துணி ஊத்தையா இருக்கும்."

மகன் தூரிகையை மண்ணிறத்தில் தோய்த்தான்.