பிரேக் ஆயில்: பெரிய எண் என்றால் நல்லதா?

கம்ப்யூட்டருக்குக் கூடுதலாக ரேம் வாங்கப் போகிறீர்கள். உங்கள் மதர்போர்டில் இருப்பது டி.டி.ஆர். 4 ஸ்லாட். எண் பெரியது, வேகமும் அதிகம் என்று டி.டி.ஆர். 5 ரேம் வாங்கி வந்தால் அது ஸ்லாட்டில் உட்காராது. அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் தவறு அங்கேயே தடுக்கப்பட்டு விடும். காருக்கு பிரேக் ஆயில் வாங்கும்போதும் இது போன்ற எண்களைப் பார்ப்பீர்கள். ஆனால் இங்கே தடுக்க ஒன்றும் இல்லை. எந்த ஆயிலை ஊற்றினாலும் உள்ளே போய்விடும். தவறு தெரிய வருவது பிரேக்கை மிதிக்கும் போதுதான். அதிலும் வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கும் பெர்பார்மன்ஸ் கார்களில் இந்தத் தேர்வு மிக முக்கியம்.

பெயரில் மட்டும் ஆயில்

நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது பிரேக் ஆயில். திரவத்தை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். அதனால் காலின் அழுத்தம் அப்படியே போய்ச் சேர்ந்து, பேட்கள் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கின்றன.

எல்லாரும் ஆயில் என்று அழைத்தாலும் இது எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகை ரசாயனத் திரவம். எஞ்சின் ஆயில் போன்ற எண்ணெய் இதில் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஓடும் காரின் வேகத்தை பிரேக்குகள் வெப்பமாக மாற்றுகின்றன. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க வேண்டுமானால் சுமார் 208 கிலோஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். அதே கார் ரேஸ் டிராக்கில் 200 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ. வேகத்திற்குக் குறையும்போது சுமார் 1,736 கிலோஜூல் ஆற்றலை இழக்கிறது. அதாவது எட்டு மடங்கிற்கும் அதிகம். 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதுவும் ஒரு வளைவுக்கு மட்டும்தான். அடுத்த வளைவிலும் இதே கதை.

இந்த வெப்பத்தில் பிரேக் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவியை எளிதில் சுருக்கிவிடலாம். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் குமிழ்களைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஆறிய பின் பெடல் பழையபடி ஆகிவிடலாம். அதை நம்பித் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

இரண்டு கொதிநிலைகள்

கிளைகால் வகை ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் ஹோஸ்கள், டேங்க் மூடி வழியாகக் காற்றிலுள்ள ஈரம் சிறிது சிறிதாக உள்ளே சேரும். நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். எனவே ஒவ்வொரு பிரேக் ஆயிலுக்கும் இரண்டு அளவுகள் தரப்படுகின்றன. புதிய ஆயிலின் கொதிநிலை ‘டிரை’. சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த பின் உள்ள கொதிநிலை ‘வெட்’. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கமே ‘டாட்’. அந்தத் தரத்தின்படி இருக்க வேண்டிய குறைந்த பட்ச அளவுகள் இதோ:

டாட் 3: டிரை 205 டிகிரி, வெட் 140 டிகிரி செல்சியஸ்
டாட் 4: டிரை 230, வெட் 155
டாட் 5: டிரை 260, வெட் 180
டாட் 5.1: டிரை 260, வெட் 180

இவை குறைந்த பட்ச அளவுகள் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். டாட் 4 தரத்தை வெகுவாக மிஞ்சும் ரேஸ் ஆயில்களும் உண்டு. மோட்டுல் ஆர்.பி.எப். 660 ஆயிலின் டிரை அளவு 325, வெட் அளவு 204. காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எப். ஆயிலின் டிரை அளவு 320, வெட் அளவு 270. டிரை அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஈரம் சேர்ந்த பின் வித்தியாசம் 66 டிகிரி. டப்பாவின் முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டிரை அளவுதான். உங்கள் காரில் மாதக்கணக்கில் இருக்கப் போவதோ ஈரம் சேர்ந்த ஆயில். ஆகவே வெட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

5 வேறு, 5.1 வேறு

டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிகான் வகை. இது மற்றவற்றோடு கலக்காது. நீரை உறிஞ்சாததால், உள்ளே புகுந்த நீர் தனியாகத் தாழ்வான இடத்தில் தங்கிவிடும். காற்றுக் குமிழ்களும் இதில் எளிதில் தங்கும் என்பதால் ஏ.பி.எஸ். உள்ள கார்களுக்கு இது ஏற்றதல்ல. அடையாளம் காண்பது எளிது. டாட் தரத்தின்படி சிலிகான் வகை ஊதா நிறத்தில் இருக்க வேண்டும். மற்றவை நிறமின்றியோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும்.

கொதிநிலை தவிர, ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதும் முக்கியம். ஏ.பி.எஸ். வால்வுகள் ஒரு விநாடியில் பல முறை திறந்து மூடுகின்றன. குளிரில் கெட்டியாகும் ஆயில் அந்த வேகத்தில் ஓடாது. இதற்காகவே ‘லோ விஸ்காசிட்டி’ எனப்படும் டாட் 4 ஆயில் வந்தது. பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்கள் இதைத்தான் கேட்கின்றன.

நீங்கள் எதை வாங்க வேண்டும்?

தினசரி சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் கார் நிறுவனம் சொல்லும் ஆயிலே போதும். அடிக்கடி மலைப்பாதையில் வேகமாகச் செல்பவர் அதே வகையில் வெட் அளவு கூடுதலாக உள்ளதை வாங்கலாம். இருங்காட்டுக்கோட்டை போன்ற டிராக்கில் ஓட்டுபவருக்கு ரேஸ் ஆயில் தேவை. ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

கார் நிறுவனம் என்ன சொல்கிறது என்று அறிய உங்கள் கம்ப்யூட்டர் உதவும். அந்நிறுவனத்தின் இணைய தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஓனர்ஸ் மேனுவலை பி.டி.எப். பைலாக இறக்கிக் கொள்ளுங்கள். பைலைத் திறந்து கண்ட்ரோல் + எப் கீகளை அழுத்தவும். வரும் கட்டத்தில் பிரேக் ப்ளூயிட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். தேவையான தரமும், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதும் அங்கே இருக்கும். பல நிறுவனங்கள் 2 ஆண்டு என்கின்றன. பின்னர் ஆயில் தயாரிப்பாளரின் தளத்தில் டெக்னிகல் டேட்டா ஷீட் என்ற பைலைத் தேடி வெட் அளவைச் சரி பாருங்கள்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியவை

* சீல் உடைக்காத டப்பாவையே வாங்கவும். மீதமான ஆயிலை அடுத்த முறைக்கென எடுத்து வைக்க வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும்.
* கிளைகால் வகை ஆயில் காரின் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவவும்.
* டேங்க்கில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்து விடாதீர்கள். பேட்கள் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ ஒழுகலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் தவறான ரேம் வாங்கினால் கடைக்குப் போய் மாற்றிக் கொள்ளலாம். பிரேக்கில் அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். எனவே மேனுவலில் உள்ள தரம், டேட்டா ஷீட்டில் உள்ள வெட் அளவு இரண்டையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.