பொறியியல் பட்டம்: இரண்டு பல்கலைக்கழகங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கிள்ளான் - எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா முடித்த பிள்ளைக்கு இரண்டு இடங்களில் பொறியியல் படிக்க அழைப்பு வந்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சியோடு குழப்பமும் சேர்ந்தே வரும். மேரு, காப்பார் வட்டாரக் குடும்பங்கள் அதிகம் யோசிக்கும் இரு பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, கெடா செமெலிங்கில் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மற்றொன்று, 2002-இல் தொடங்கப்பட்ட யுடார் பல்கலைக்கழகத்தின் காஜாங், சுங்கை லோங் வளாகம். மின், மின்னணுப் பொறியியலை இரண்டுமே கற்பிக்கின்றன. எதில் சேர்வது?

பெயரையோ கட்டடத்தையோ பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அங்கீகாரம். மலேசியாவில் பொறியியலாளர் தொழிலை 1967-ஆம் ஆண்டு பொறியியலாளர் பதிவுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் இஏசி எனப்படும் பொறியியல் அங்கீகார மன்றம்தான் பட்டப்படிப்புகளை ஆய்வு செய்கிறது. அதன் அங்கீகாரம் பல்கலைக்கழகம் முழுமைக்கும் பொதுவானதல்ல. குறிப்பிட்ட பாடத்துறைக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கு அது இருந்து, வேறொரு புதிய துறைக்கு இன்னும் கிடைக்காமல் இருக்கலாம். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும் கட்டத்தில்தான் புதிய படிப்புகள் முழு ஆய்வுக்குச் செல்லும்.

இந்த அங்கீகாரம் இருந்தால்தான் பட்டதாரி பட்டதாரிப் பொறியியலாளராக வாரியத்தில் சிக்கலின்றிப் பதியலாம். அதன்பின் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் கடந்தால் பெயருக்கு முன் 'ஐஆர்' போடலாம். மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடானதால், இந்தப் பட்டத்தை ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற உறுப்பு நாடுகளும் தங்கள் பட்டத்துக்கு நிகராக ஏற்கின்றன.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது பட்டத்தின் பெயரை. 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. இரண்டாவது செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் படிப்பு. அதற்கும் தொழிற்சாலைகளில் நல்ல வேலை உண்டு. ஆனால், அது தொழில்நுட்பவியலாளர் பதிவுக்கான பாதை; ஐஆர் ஆவதற்கான நேர்வழி அல்ல. நான்கு ஆண்டு படித்த பிறகு இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

அடுத்தது பணம். இரண்டும் தனியார் பல்கலைக்கழகங்களே. பிடிபிடிஎன் கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அது கட்டணத்தைக் கட்டி முடிக்கவே சரியாகிவிடலாம். ஆகவே கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல் தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். செமெலிங் என்றால் விடுதி வாழ்க்கை. வீட்டுக்கு வருவது விடுமுறையில்தான். சுங்கை லோங் சிலாங்கூரிலேயே இருக்கிறது என்றாலும், மேருவிலிருந்து கோலாலம்பூர் நெரிசலைக் கடந்து தினமும் போய்வருவது எளிதல்ல. அங்கும் வாடகை அறை தேவைப்படலாம். முதல் வகுப்பில் தேறுவோருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு பெறும் வாய்ப்பும் உண்டு. ஆகவே பிள்ளை எந்தச் சூழலில் நன்றாகப் படிக்கும் என்பதும் பணக் கணக்கில் சேர வேண்டியதே.

பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன் இரு இடங்களிலும் கேட்க வேண்டியவை இவை:

- இந்தப் படிப்பின் இஏசி அங்கீகாரம் எந்த ஆண்டு வரை? (வாரியத்தின் இணையப் பட்டியலிலும் சரிபார்க்கலாம்.)
- கட்டணம் இடையில் உயருமா? உபகாரச் சம்பளம் தொடர எவ்வளவு புள்ளி வேண்டும்?
- ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப எடுக்க எவ்வளவு செலவாகும்?
- குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள்?

இரண்டு படிப்புக்கும் அங்கீகாரம் இருந்தால், கடன் குறைவாக விழும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஒன்றுக்கு மட்டுமே இருந்தால், மற்றது எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.