கணிப்பொறிக்கு நாடி பார்ப்போம்!

2021 ஏப்ரல் 28, மாலை 4 மணி. பதினெட்டு வயது நிரம்பியோர் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்ய 'கோவின்' இணையதளம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசு தெரிவித்தது. தளம் சற்று நேரம் தடுமாறியது. உயிர் காக்கும் ஊசிக்காகக் காத்திருந்தோர் தவித்தனர். பிறகு நிலைமை சீரானது.

இத்தகைய தடுமாற்றத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும். அதற்கு ஒரு எளிய கணக்கு உதவும்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அன்னதானம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பந்தியில் 200 இலைகள். நிமிடத்துக்கு 10 பேர் வருகிறார்கள். ஒருவர் உண்டு எழ 20 நிமிடம் ஆகிறது. 10 × 20 = 200. இலைகள் சரியாகப் போதும். பரிமாறுவதில் தாமதமாகி 25 நிமிடம் ஆனால்? 250 இலைகள் வேண்டும். வாசலில் வரிசை வளரும். வந்தவர் தொகை கூடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்!

வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருப்போர் எண்ணிக்கை கிடைக்கும். இவ்விதியை 1961இல் நிறுவியவர் ஜான் லிட்டில்.

1995இல் வெளிவந்த ஜாவா என்னும் கணிமொழியில் எழுதப்பட்ட இணையச் செயலிகளுக்கும் இது பொருந்தும். அவற்றை இயக்கும் டாம்கேட் மென்பொருளில், நாம் மாற்றாவிட்டால், 200 'இழைகள்' வரை இருக்கும். ஒரு கோரிக்கைக்கு ஓர் இழை, அதாவது ஓர் இலை! விநாடிக்கு 100 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 0.2 விநாடி என்றால், 20 இழைகளே போதும். நேரம் 2 விநாடியானால் 200 இழைகளும் நிரம்பிவிடும்.

நேரம் ஏன் கூடுகிறது? தரவுத்தளம் தாமதமாக விடை தரலாம். அல்லது நினைவகம் நிரம்பி, பயனற்ற தரவுகளை அகற்றுவதிலேயே ஜாவா மூழ்கலாம். அப்போது இழைகள் இடையிடையே நின்றுவிடும். எனவே கோரிக்கைகளின் வேகம், விடை தரும் நேரம், வேலையில் உள்ள இழைகள், நினைவகம் ஆகிய நான்கையும் இடைவிடாது அளக்க வேண்டும்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். நூறு பேரில் 95 பேருக்கு 0.1 விநாடியிலும், ஐவருக்கு 10 விநாடியிலும் விடை கிடைத்தால், சராசரி சுமார் 0.6 விநாடிதான். தவிக்கும் ஐவர் அதற்குள் மறைந்துவிடுகிறார்கள்! அதனால்தான் பொறியாளர்கள் மிகத் தாமதமான விடைகளைத் தனியே கவனிக்கிறார்கள்.

நீங்களும் சோதிக்கலாம். அடுத்த முறை ரேஷன் கடை வரிசையில் நிற்போரை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பேர் பொருள் வாங்கிச் செல்கிறார்கள் என்று பார்த்து, அதனால் வகுங்கள். நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரம் தெரிந்துவிடும்!