ஜாக்கியில் ஏற்றி, கையால் சுற்றி

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருத்தங்கலில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் போன கார் அம்பாசடர்தான். வண்டியை நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை வந்தால், "பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு" என்று டிரைவரே சொல்லிவிடுவார்.

அன்றைய மெக்கானிக் முதலில் தேடியது ஜாக்கியை. சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பார். சுற்றாத சக்கரத்தின் பின்னால் குனிந்து, ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துவார். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விட்டுக்கொடுத்தால், அழுத்தம் உள்ளேயே தேங்கியிருக்கிறது என்று பொருள். ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊறி அடைத்திருக்கும். எல்லாச் சக்கரமும் பிடித்திருந்தால், மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் திரும்ப வாங்கவில்லை. பெடலுக்குக் கொஞ்சமும் ப்ளே இல்லாமல் முடுக்கியிருந்தாலும் இதே தொல்லைதான். தளர்த்தியும் சக்கரம் அசையவில்லையென்றால் கோளாறு டிரம்முக்குள் இருக்கிறது: துருவேறிய வீல் சிலிண்டர், இழுவை போன ஸ்பிரிங், அளவுக்கு மீறி முடுக்கிய ஷூ, திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள்.

டிரம்மைக் கழற்றினால் பிஸ்டனைச் சுற்றிக் காப்பிக்கொட்டை நிறத்தில் பிசின் போல அழுக்கு ஒட்டியிருக்கும். அதைத் துடைத்து, சிலிண்டரை உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பர் கப் போட்டு மூடுவார்கள்.

1983-இல் மாருதி 800 வந்தது. 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2021-இல் திருத்தங்கலே சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இன்று முன்சக்கரங்களில் டிஸ்க், ஏபிஎஸ். வீல் சிலிண்டர் குழிவிழுந்தால் தேய்ப்பதில்லை, முழுதாகப் புதிதே போடுகிறார்கள். அது சரியான மாற்றம். தேய்த்த சிலிண்டர் சீக்கிரமே கசியும்.

ஆனால் காரணம் தேடாமல் பாகத்தை மாற்றுவது சரியில்லை. டிஸ்க் பிரேக்கில் காலிபர் நகரும் ஸ்லைடு பின்னில் கிரீஸ் வற்றி அது இறுகினால் பேட் டிஸ்க்கை விடாது. பேட் மட்டும் புதிதாகப் போட்டால் அதுவும் ஒருபக்கமாகத் தேயும். இறுகிய பின்னை ஸ்கேனர் காட்டாது. கையால் சுற்றிப் பார்த்தால் உடனே தெரியும்.

சிலிண்டர் துருவேற மூலக் காரணம் பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். உராயும் சக்கரச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். பட்டாசு ஏற்றிய வண்டிகள் ஓடும் நம் சாலைகளில் புகையும் சக்கரத்தோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பழைய கார் வைத்திருப்பவர்களே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். வேறு எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.