ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட்டும்

கார் என்ஜின் சூடாவதைப் பற்றி ஒரு குடும்பத் தலைவி எழுத வேண்டுமா, அதற்குத்தான் மெக்கானிக்குகள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். 2022 மே மாதம் ஏற்காட்டு மலைப்பாதையில் 12-வது கொண்டை ஊசி வளைவு வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு பக்கத்து வீடு மாதிரி. மொத்தமே 20 வளைவுகள்தான். இவர், நான், அத்தை, பையன், பெண் என்று ஐந்து பேர், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, பதிமூன்று வருஷத்துப் பழைய கார். லீவு நாளானதால் கூட்டம், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஏ.சி. வேறு ஓடியது.

எட்டாவது வளைவிலேயே டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறுவதைப் பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால், "டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருக்கே" என்று சொன்னதற்கு, "நீ உன் புளியோதரையைப் பாரு, வண்டியை நான் பார்த்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்திருந்தார். அந்த ரோஷம்! பத்தாவது வளைவில் ஏ.சி.யில் குளிர்ச்சி போய்ச் சூடான காற்று வந்தது. பன்னிரண்டாவதில் பானெட் ஓரத்திலிருந்து ஆவி.

ஓரம் கட்டினோம். பையன் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். (கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது!) இவர் பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, "மூடியைத் திறந்து தண்ணி ஊத்தினா சரியாப் போயிடும்" என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"என்னங்க, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள்கூட ஓடிவிட்டன.

எனக்கு ஒன்பது வயது இருக்கும், 1987 என்று நினைவு. லாரி ஓட்டிக் கொண்டிருந்த என் சித்தப்பா இதே காரியத்தைத்தான் செய்தார். உள்ளே இருந்த கொதிநீர் பீய்ச்சி அடித்ததில் வலது கை முழங்கை வரைக்கும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயிற்று. கூட இருந்தவர்கள் நல்லெண்ணத்தில் பேனா மையை ஊற்றியிருந்தார்கள். அந்தக் கையை அவர் கடைசி வரை முழுக்க நீட்டவே முடியவில்லை. துண்டெல்லாம் அவரும்தான் சுற்றியிருந்தார்.

ஏன் அப்படிப் பீய்ச்சுகிறது? நமக்குத் தெரியாததா? பிரஷர் குக்கரில் வெயிட் உட்கார்ந்திருக்கும் வரை உள்ளே அழுத்தம் இருப்பதால், தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிப் போகாமல் 120 டிகிரி வரை சூடேறி நிற்கிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சாதாரணமாக என்ஜின் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். கோளாறு வந்தால் நூறையும் தாண்டும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்து வெளியே பாயும். விசில் வரும் குக்கரின் மூடியை நாம் திறப்போமா? இப்போது வரும் பல கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டாங்கின் மூடிதான் அழுத்தத்தைத் தாங்குவது. பிளாஸ்டிக்தானே என்று அதைத் திருகினாலும் கதை அதேதான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். புளியோதரையை அங்கேயே பிரித்தாயிற்று. பானெட்டுக்குள் கை வைத்தால் சுடவில்லை என்று ஆன பிறகு, துண்டு போட்டு மூடியைக் கொஞ்சமாகத் திருப்பி, 'உஸ்' சத்தம் முழுக்க அடங்கியதும் திறந்தார். உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை. குடிக்க வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். சூடாக இருக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விட்டுவிடுமாம். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. இறக்கம்தானே, என்ஜினை அணைத்து உருட்டிவிடலாம் என்றார் இவர். வழியில் நின்ற ஒரு வேன் டிரைவர், "ஐயோ சார், என்ஜின் நின்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் திரும்பாது" என்று தடுத்தார். அவருக்குக் கோடிப் புண்ணியம். இரண்டாவது கியரில் மெல்ல இறங்கினோம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில், "தெர்மோஸ்டாட்டுதான் பிரச்னை, கழட்டிப் போட்டுட்டேன், இனிமே சூடாகாது" என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரை நிரப்பி அனுப்பினார்கள். இரண்டே வாரம். ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது மறுபடி முள் ஏறியது. ஆனால் அதே வாரம் நாமக்கல் போய் வந்தபோது ஒன்றுமே ஆகவில்லை! இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்ததாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனபோது, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "பாதி வைத்தியம் நீங்களே பார்த்துட்டீங்களேம்மா" என்றார். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போதும் ஊர்ந்து மலை ஏறும்போதும் மின்விசிறிதான் ஆற்ற வேண்டும். ஆகவே சந்தேகம் விசிறி மேல். அதற்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தார். சுற்றவில்லை, மோட்டார் போய்விட்டது. சுற்றியிருந்தால் ஃபியூஸ், ரிலே, சூடு அறியும் சென்சார் என்று ஒவ்வொன்றாகத் தேடியிருப்பாராம்.

மாறாக, நெடுஞ்சாலையில் போகும்போதே சூடானால் ரேடியேட்டர் அடைப்பையோ தண்ணீர் பம்பையோ பார்க்க வேண்டும். மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் அடிக்கடி குறைந்தால் ஹோஸ் மாட்டியிருக்கும் இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே ஒழுகாமலேயே குறைந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வந்தாலோ, ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அப்படியென்றால் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். எங்களுக்கு இது இரண்டும் இல்லை என்று அவர் சொன்னபோது, பெண்ணின் காலேஜ் ஃபீஸ் தப்பியது என்று மூச்சு விட்டேன்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்குப் புதிது வாங்கிப் போட்டார். அது இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைத்தான் குடிக்குமாம். ரேடியேட்டர் குழாய்களில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற மாதிரியே உப்புப் படிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீரின் லட்சணம்! இப்போது கூலண்ட்தான் ஊற்றுகிறோம். சகோதரிகளே, ஒன்று கவனியுங்கள். பெரும்பாலான கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மீந்ததைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். கீழே சிந்தினால் உடனே கழுவி விடுங்கள், நாய் நக்கிவிடும்.

முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திருப்பி ஜன்னல்களைத் திறந்துவிட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. பிறகு பத்திரமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். சில புதுக் கார்களில் முள் கிடையாது, சிவப்பு விளக்குதான். அது எரிந்தால் 'இன்னும் நாலு வளைவுதானே' என்ற பேச்சே கூடாது.

தப்பித் தவறி யாருக்காவது கொதிநீர் பட்டுவிட்டால், வெந்த இடத்தை ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். முகத்தில் பட்டிருந்தாலோ கொப்புளம் பெரிதாக இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

இப்போது ஞாயிறு காலையில், வண்டி எடுக்கும் முன் கூலண்ட் மட்டம் பார்ப்பது என் வேலை. டாங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

போன கோடையில் திரும்பவும் ஏற்காடு போனோம். எட்டாவது வளைவு வந்ததும் இவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "முள்ளு எங்க இருக்கு, பாரு" என்றார்.

"பாதியிலதான்" என்றேன்.

பின் சீட்டிலிருந்து அத்தை, "அப்ப புளியோதரையை மேல போயே சாப்பிடலாமா?" என்று கேட்டார்கள்.