முட்டையிட்ட பல்லிக்கு என்ன ஆச்சு?

இன்று ராத்திரி டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பூச்சி பிடிக்க வரும் பல்லிகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வயிறு உப்பிய பல்லி ஒன்று ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டால் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் இருந்தபடியே அதன் அடிவயிற்றைப் பார்த்துவிடலாம். அங்கே தோல் அவ்வளவு மெல்லியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரியும். அப்படியே பார்வையைக் கழுத்துப் பக்கம் கொண்டு போங்கள். தாடைக்குப் பின்னால் இரண்டு புறமும் சின்னதாக வெள்ளை வீக்கம் இருக்கிறதா? அது நோயோ கட்டியோ அல்ல. உள்காதிலிருந்து கழுத்துவரை நீண்டு வரும் ஒரு பை அது. அதற்குள் கூழ்போல நிறைந்திருப்பது கால்சியம் கார்பனேட். கோழிமுட்டை ஓடும் இதே பொருள்தான்.

சுவர்ப் பல்லி இடும் முட்டைக்கும் கெட்டியான ஓடு உண்டு. அந்த ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாய்ப் பல்லி கழுத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கோவிந்தாபுரம், முதலமடை, மீனாட்சிபுரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே பார்த்தால் பொரிந்துபோன பல்லிமுட்டைகளின் வெள்ளை ஓடுகள் கிடைக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள், சுண்ணாம்புப் பொடி உதிரும். அந்தப் பொடி முழுக்க ஒரு தாயின் உடம்பிலிருந்து போனது.

இந்த ஊர்களுக்குத் தெற்கே தெரிகிற மலைகளிலும் பல்லிகள் இருக்கின்றன. ஆனைமலையின் பெயரையே தாங்கிய ஒரு பல்லிக்கு 1875இல் குந்தர் என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்தார். அதன் சொந்தக்காரப் பல்லிகள் ஆறு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாக 2019இல் தெரியவந்தது. அந்த ஆறில் ஒன்றுக்கு ஜானகி அம்மாளின் பெயர். தலச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியல் அறிஞர் அவர். இந்தப் பல்லிகளை நாம் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பிடித்து வளர்க்கக் கூடாது. காட்டு உயிர்களைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் மலைப் பல்லிக்கு நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டி உதவாது.

ஆனால் கண்ணாடித் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பல்லி இருக்கிறது. லெப்பர்ட் கெக்கோ என்று விற்பார்கள். நாம் சிறுத்தைப் பல்லி என்போம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகிய வறண்ட பகுதிகள்தான் அதன் பூர்வீகம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். சுவர்ப் பல்லியைப் போலச் சுவரேறாது, ஏனென்றால் விரலில் ஒட்டும் பட்டை இல்லை. கண்ணை மூடித் திறக்க இமை உண்டு. சுவர்ப் பல்லிக்கோ இமையே கிடையாது, நாக்கால் கண்ணை நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லியின் வால் உருண்டு தடித்திருக்கும். அது கொழுப்புக் கிடங்கு. அதன் உறவுக்கார இனம் ஒன்றை ஒடிசா, ஆந்திரக் காடுகளிலிருந்து 2022இல்தான் புதிதாக அடையாளம் கண்டார்கள்.

சிறுத்தைப் பல்லி முட்டையிட்ட பிறகு நோய்வாய்ப்படுவது அடிக்கடி நடக்கிறது. நேற்றுவரை வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடித்தது, இன்று மூலையில் படுத்தே கிடக்கும். கண் உள்வாங்கியிருக்கும். காலூன்றி எழப் பார்த்தால் வயிறு தரையிலிருந்து மேலே வராது. உற்றுப் பார்த்தால் கால்விரல்கள் தானாக நடுங்கும். வீட்டில் பெரியவர்கள், “முட்டை விட்ட அசதி, சரியாப் போயிரும் கண்ணு” என்பார்கள். அசதியும் இருக்கும்தான். விரல் நடுங்கினால் அது அசதி மட்டுமல்ல.

என்ன நடக்கிறது என்று புரிய ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் போவோம். சித்தூர் வட்டாரத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் கறவை மாடு இல்லாத தெருவே குறைவு. நிறையப் பால் தரும் பசு கன்று போட்ட ஓரிரு நாளில் சில சமயம் திடீரென்று படுத்துவிடும். காது சில்லிட்டு, கழுத்தை ஒருபக்கம் மடக்கிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். கால்நடை மருத்துவர் வந்து கழுத்துச் சிரையில் கால்சியம் பாட்டிலை மெதுவாக ஏற்றுவார். “கால்சியம் ஏத்துனா எந்திரிச்சிரும்” என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். பெரும்பாலும் எழுந்தும் விடும். பால் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் அதில் காய்ச்சல் இல்லை. சீம்பாலுக்குள் ஒரேயடியாகக் கால்சியம் போய்விட, இரத்தத்தில் அது குறைந்துபோவதுதான் நோய்.

பல்லிக்கு நடப்பதும் இதே கணக்குதான். பால் இருந்த இடத்தில் முட்டை. சிறுத்தைப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். அதன் ஓடு தோல்போல மெத்தென்று இருக்கும், ஆனாலும் அதிலும் மஞ்சள் கருவிலும் கால்சியம் சேர வேண்டும். சுவர்ப் பல்லியிடம் நாம் பார்த்த கழுத்துப் பை இதற்கு வெளியே தெரிகிற மாதிரி கிடையாது. அப்படியானால் எங்கிருந்து எடுக்கும்? தின்ற பூச்சியில் இருந்தால் அதிலிருந்து எடுக்கும். அங்கே போதாவிட்டால் எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும். இரண்டு முட்டையோடு நிற்கவும் செய்யாது. சில வாரங்கள் கழித்து இன்னும் இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்று ஒரே பருவத்தில் பல தடவை இடும்.

தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். நரம்பு கட்டுக்குள் இருக்கவும் வேண்டும். இரத்தத்தில் அது குறைந்தால் நரம்புகள் காரணமில்லாமல் துடிக்கும். விரல் நடுக்கம் அப்படி வருவதுதான். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. முட்டையை வெளியே தள்ளுவதும் தசைதானே? கால்சியம் குறைந்த பல்லியால் இரண்டாவது முட்டையைத் தள்ள முடியாமல் போகலாம். முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் நோயாளியைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை முட்டையை எண்ணுவது. வழக்கமாக இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும். ஒன்றுதான் கிடைத்தது, வயிற்றின் ஒருபக்கம் மட்டும் புடைத்திருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை. பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் கிளம்புங்கள்.

இரண்டும் வந்துவிட்டது, பல்லி சோர்ந்து மட்டும் இருக்கிறது என்றால் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சூடு. பல்லியால் நம்மைப்போல உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெளிச்சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, கொடுத்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டுமோ அங்கே அது தானே போய்க்கொள்ளும். ஆனால் நம் ஊர் வேறு மாதிரி. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்த கண்ணாடித் தொட்டி அதைவிடவும் கொதிக்கும். அந்த மாதங்களில் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்குத் தொட்டியை மாற்றுவதுதான் வைத்தியம். கையை வைத்துப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் தொட்டிக்குள் இருக்கட்டும்.

அடுத்தது ஈரம். முட்டையோடு உடம்பு நீரும் போயிருக்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை நிரப்பி வையுங்கள். பொள்ளாச்சி சாலையில் கயிறு ஆலைகளின் முன்னால் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதேதான். உப்பு போகக் கழுவிய தூளாக இருக்க வேண்டும். கைப்பிடி அளவு எடுத்து இறுக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது, விரல் மட்டும் ஈரமாக வேண்டும். அதற்குள் பல்லி போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த முட்டையையும் அங்கேயேதான் இடும். ஆழமில்லாத ஒரு தட்டில் எப்போதும் நல்ல தண்ணீரும் இருக்கட்டும்.

சாப்பாட்டில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தின்னவில்லையே என்று வாயைத் திறந்து ஊட்டப் போகாதீர்கள். கால்சியம் போன பல்லியின் தாடை எலும்பு மெத்தென்று ஆகியிருக்கும். விரலால் அழுத்தித் திறந்தால் முறிந்துவிடும். சின்னப் பூச்சியாக ஒன்றிரண்டை முன்னால் விடுங்கள். தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். உயிருள்ள பாச்சைகளை ராத்திரி முழுக்க உள்ளே விட்டால் அவை படுத்திருக்கும் பல்லியைக் கடித்துவிடும்.

பூச்சிகளில் ஒரு குறை உண்டு. பாச்சையிலும் மீல்வோர்ம் புழுவிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். எலும்புக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. அதனால் பூச்சியை ஒரு பையில் போட்டு, ஊர்வனவற்றுக்கென்று விற்கும் கால்சியம் பொடியைத் தூவிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். குடலில் கால்சியம் உறிஞ்சப்பட வைட்டமின் டி3 தேவை. அதுவும் மிஞ்சினால் கெடுதல், ஆகவே அளவை மருத்துவர் சொல்லட்டும். ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லிவிடுகிறேன்: பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பைக் கொடுத்துவிடாதீர்கள்! முட்டை ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. பல்லியின் வாயையும் குடலையும் அது வேகவைத்துவிடும்.

பூச்சி எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். முதலமடை மாந்தோப்புகள் நம் பெருமை. மற்ற ஊர்களுக்கு முன்பே காய்ப்புக்கு வருகிற மரங்கள் அவை. பூ பிடிக்கிற நாளிலிருந்து தோப்புகளில் மருந்து தெளிப்பார்கள். அங்கே பிடித்த வெட்டுக்கிளியின் உடம்பிலும் அந்த மருந்து இருக்கலாம். திடமான பல்லியே தாங்காது, முட்டையிட்டுக் களைத்தது எப்படித் தாங்கும்? நோய் தீரும்வரை வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம். டப்பாவில் வளர்த்த பூச்சி போதும். அவற்றுக்கும் முதல்நாள் முருங்கைக் கீரையோ கேரட் துருவலோ தின்னக் கொடுத்தால், பூச்சியின் வயிற்றில் இருக்கும் சத்தும் பல்லிக்குப் போய்ச் சேரும்.

தொடுவதை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள். வாலைப் பிடிக்கவே கூடாது. பயந்தால் வாலைக் கழற்றிவிடும். புதிது முளைக்கும்தான், ஆனால் தின்னாமல் கிடக்கும் நாட்களில் அதைக் காப்பாற்றும் கொழுப்பு முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், நமக்கு வயிற்றுப்போக்கு வரும். தொட்டியை அடுப்படிக்குள் வைக்காதீர்கள்.

விரல் நடுங்கினாலோ, தாடை வளைந்தாலோ, உடம்பைத் தூக்க முடியாவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று வழி சொல்வார்கள். திருச்சூருக்குப் பக்கத்தில் மண்ணுத்தியிலும், தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காற்றோட்டமான டப்பாவில் துணி விரித்துக் கொண்டுபோங்கள். பேருந்தில் ஜன்னல் வெயில் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு விஷயம் ஒரே படத்தில் தெரியும்: உள்ளே முட்டை மிச்சம் இருக்கிறதா, எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது. கால்சியம் ஊசி போடுவார், தோலுக்கடியில் நீர் ஏற்றுவார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பிரசவத்துக்குப் போடும் ஊசி பல்லிக்கு எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சிக்கிய முட்டையை அறுவை செய்தே எடுக்க வேண்டி வரலாம்.

இத்தனைக்கும் நடுவே முட்டைகளை மறந்துவிடக் கூடாது. எடுக்கும்போது மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலேயே இருக்கும்படி ஈர நார்த்தூளில் வையுங்கள். கோழி தன் முட்டையை உருட்டிவிடும். பல்லி முட்டையை உருட்டினால் ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் கரு பிய்ந்து செத்துவிடலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பது வைத்திருக்கும் சூட்டைப் பொறுத்தது. 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32 டிகிரிக்குச் சற்று மேலே போனால் பெரும்பாலும் ஆண். ஆண் பல்லியே இல்லாத வீட்டிலும் பெண் முட்டையிடும், அது பொரியாது. பொரியாத முட்டைக்கும் தாயின் கால்சியம் செலவாகத்தான் செய்கிறது.

தாய் தேறுகிறதா என்று அறிய சமையலறைத் தராசு போதும், அதைப் பிறகு சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வளர்ந்த பெண் பல்லி 50 முதல் 70 கிராம் இருக்கும். வாரம் ஒருமுறை எடையை நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் என்ன தின்றது என்றும் எழுதுங்கள். ஆண் பல்லி இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் சில வாரங்களுக்குப் பொரியக்கூடிய முட்டை வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் ஆணின் விந்தைப் பெண் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். அதுவரை கால்சியம் பொடியை நிறுத்த வேண்டாம். எடை நோட்டில் ஏறிக்கொண்டே வந்து, வால் கழுத்தளவுக்கு மறுபடி தடித்துவிட்டால், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பொடி தூவினால் போதும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.