கடல் மறைத்த முகம்

கறுப்பர்களின் இசை நிறுவனமான மோட்டவுன், தன் வெள்ளைப் பாடகியை ரசிகர்களின் கண்ணில் படாமல் வைத்தது. பிறகு அவரிடமே வழக்கில் தோற்றது.

1979-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல்' இசைத்தட்டின் உறையில் கடல் இருந்தது. பாடியவரின் முகம் இல்லை. இத்தனைக்கும் அது அவருடைய முதல் ஆல்பம். புதுமுகத்தின் முகத்தை மறைத்து விற்பது இசைத்தட்டு வியாபாரத்தில் விசித்திரமான காரியம்தான். ஆனால் தந்திரம் பலித்தது. கறுப்பர் வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பின. கேட்டவர்கள் பாடகியும் கறுப்பினப் பெண் என்றே நினைத்தார்கள். 'ஐம் எ சக்கர் ஃபார் யுவர் லவ்' கறுப்பர் இசைக்கான பட்டியலில் 8-ம் இடத்தைப் பிடித்தது. 'சோல் ட்ரெயின்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றியபோதுதான் பலருக்கும் விஷயம் புரிந்தது: குரலுக்குச் சொந்தக்காரர் குள்ளமான ஒரு வெள்ளைக்காரப் பெண்.

பெயர் டீனா மேரி. இயற்பெயர் மேரி கிறிஸ்டின் ப்ரோகெர்ட். லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில், கறுப்பர்கள் மிகுந்த ஓக்வுட்டில் வளர்ந்தவர். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தத் தெருக்களைத்தான் காட்ட வேண்டும். உறையில் படம் வேண்டாம் என்ற முடிவுக்கு அவரே பின்னாளில் விளக்கம் சொன்னார்: இசை தன் பலத்திலேயே நிற்கட்டும் என்று முதலாளி பெரி கோர்டி நினைத்தாராம். இருக்கலாம். கறுப்பு ரசிகர்கள் வெள்ளை முகத்தைப் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள் என்ற பயமும் அதில் இல்லாமலா இருந்திருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், இதே நிறுவனம் முன்பு இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்திருக்கிறது. 1959-ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி, டெட்ராய்ட் நகரில் கோர்டி தொடங்கிய கம்பெனி மோட்டவுன். டயானா ராஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே எல்லோரும் இங்கே உருவானவர்கள். 1996-ல் மும்பைக்கு வந்து ஆடிய மைக்கேல் ஜாக்சனும் சிறுவனாகப் பெயர் வாங்கியது இங்கேதான். கோர்டியின் குறி கறுப்பர்கள் மட்டுமல்ல, வெள்ளை வாலிபர்களின் பாக்கெட்டும்தான். 1966-ல் வெளிவந்த ஐஸ்லி பிரதர்ஸ் ஆல்பத்தின் உறையில் அந்தச் சகோதரர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி இருக்கும். 13 ஆண்டுகள் கழித்து மறுபடியும் கடல். இந்தத் தடவை மறைக்கப்பட்டது வெள்ளை முகம்.

மோட்டவுனில் டீனா மேரிக்கு முன்பே வெள்ளையர்கள் இருந்தார்கள். கிறிஸ் கிளார்க் 1960-களிலேயே அங்கே பாடினார். கனடாக்காரரான ஆர். டீன் டெய்லர், டயானா ராஸின் சுப்ரீம்ஸ் குழு பாடிய 'லவ் சைல்டு' பாட்டை எழுதியவர்களில் ஒருவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடார் வாசித்த ஜோ மெசினாவும், பேஸ் கிடார் வாசித்த பாப் பாபிட்டும் வெள்ளையர்களே. கறுப்பர் இசையின் அடையாளமாக உலகம் தாளம் போட்ட பல பாடல்களில் இவர்கள் விரல்களும் இருக்கின்றன. உறையில் யாரும் அவர்களைத் தேடவில்லை. வாத்தியக்காரர்களின் பெயரை அப்போது கம்பெனி அச்சிடுவதே அபூர்வம். கறுப்பரானாலும் வெள்ளையரானாலும் அதில் மட்டும் சமத்துவம்.

1969-ல் ராக் இசைக்காக மோட்டவுன் தனி லேபிளே தொடங்கி, டெட்ராய்ட்டின் வெள்ளையர் குழுவான 'ரேர் எர்த்'தின் பெயரையே அதற்கு வைத்தது. டெம்ப்டேஷன்ஸ் பாடிய 'கெட் ரெடி'யை இக்குழு 21 நிமிடத்துக்கு இழுத்து, ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. சுருக்கிய வடிவம் 1970-ல் பொதுப் பட்டியலில் 4-ம் இடம் வரை போனது. கறுப்புக் குழு பாடியபோது அதே பட்டியலில் எட்டிய உயரம் 29-ம் இடம்தான்.

டீனா மேரியின் கதைக்கு வருவோம். 1976-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அவர் முதல் ஆல்பத்துக்கு மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். ரிக் ஜேம்ஸ் தயாரிப்புப் பொறுப்பை ஏற்ற பிறகுதான் கதவு திறந்தது. 1980-ல் வெளிவந்த 'லேடி டி' உறையில் முகமும் வந்தது. அதே ஆண்டில் வந்த மூன்றாவது ஆல்பத்தை எழுதித் தயாரித்தவரும் அவரே. 1981-ல் 'ஸ்கொயர் பிஸ்' பெரும் வெற்றி. பாட்டு ஓடியது, பணம் அந்த அளவுக்கு வரவில்லை என்பது அவர் மனக்குறை. 1982-ல் விலகுவதாகச் சொன்னார். வேறு கம்பெனிக்குப் பாடக் கூடாது என்று தடை கேட்டு மோட்டவுன் நீதிமன்றம் போனது.

கலிபோர்னியாவில் 1919 முதல் ஒரு விதி இருந்தது. ஒரு கலைஞரை வேறு இடத்தில் வேலை செய்யவிடாமல் தடுக்க வேண்டுமானால், ஒப்பந்தம் அவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 6,000 டாலராவது உறுதி செய்திருக்க வேண்டும். 1919-ல் அது பெரும் பணம். மோட்டவுன் ஒப்பந்தம் அந்தத் தொகையை உறுதி செய்யவில்லை. விரும்பினால் கொடுக்கும் உரிமையைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டது. அதாவது, பாடகி நட்சத்திரம் ஆகாவிட்டால் செலவில்லை. ஆகி, கிளம்பப் பார்த்தால், 6,000 டாலரை நீட்டிக் கட்டிப் போடலாம். 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லாது என்றது. இதைப் புதிய சட்டம் என்றே பலர் சொல்கிறார்கள். உண்மையில் பழைய சட்டத்துக்குக் கிடைத்த விளக்கம்தான் அது. 'ப்ரோகெர்ட் இனிஷியேட்டிவ்' என்று அவர் இயற்பெயராலேயே அழைக்கப்படும் அந்தத் தீர்ப்பு, கலிபோர்னியாவில் கையெழுத்துப் போட்ட எல்லா நிறப் பாடகர்களுக்கும் பொருந்தியது. அவர்களைச் சும்மா உட்கார வைத்துப் பூட்டிப் போடுவது கம்பெனிகளுக்குக் கடினமானது.

டீனா மேரி எபிக் நிறுவனத்துக்குப் போனார். அங்கே பாடிய 'லவர்கேர்ள்' 1985-ல் பொதுப் பட்டியலில் 4-ம் இடத்தைத் தொட்டது. 2004-ல் மறுபடியும் கறுப்பர்கள் நடத்தும் ஒரு நிறுவனம், நியூ ஆர்லியன்ஸின் கேஷ் மணி, அவருடைய 'லா டோனியா'வை வெளியிட்டது. ஆல்பங்களின் பொதுப் பட்டியலில் அதற்கு 6-ம் இடம். 2010 டிசம்பர் 26-ல் 54 வயதில் அவர் காலமானபோது, கறுப்பு ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணை இழந்ததுபோல்தான் துக்கப்பட்டார்கள்.